இத்தாலியில் சுற்றுலா ஜோடிகளைப் படம் எடுத்துப் பிழைக்க: எந்தக் காகிதம் முதலில், எது பிறகு

ரோம், வெனிஸ், பொசித்தானோ பக்கம் தேனிலவுக்கும் சுற்றுலாவுக்கும் வருபவர்களைப் படம் எடுத்துக் கொடுத்து வாழ முடியுமா? முடியும். நான் அதைத்தான் செய்கிறேன். இதைக் கேட்டு என்னிடம் வருபவர்கள் எடுத்த எடுப்பில் எந்த லென்ஸ் வாங்கலாம் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். லென்ஸை எப்போது வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். காகிதங்கள் அப்படியில்லை. ஒவ்வொரு அலுவலகமும் முந்தைய அலுவலகத்தின் தாளைக் கேட்கும். வரிசை தப்பினால் மறுபடி முதல் கவுண்டர்தான். நான் அலைந்து தெரிந்துகொண்ட வரிசை இது. சட்டங்களும் கட்டணங்களும் மாறக்கூடியவை, பணம் கட்டும் முன் அந்தந்த அலுவலகத்தின் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. உங்கள் தங்கும் அட்டை (இத்தாலியில் வசிப்பதற்கான அனுமதி) இந்தத் தொழிலுக்கு இடம் தருகிறதா என்று பாருங்கள்

சுற்றுலா விசாவில் வந்து வேலை செய்யக் கூடாது. பணம் சென்னை வங்கிக் கணக்கில்தானே விழுகிறது என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். வேலை நடக்கும் இடம் இத்தாலி, அதுதான் கணக்கு. மாட்டினால் வெளியேற்றமும், அடுத்த ஷெங்கன் விசாவுக்குச் சிக்கலும் வரும். ஊரிலிருந்து ஜோடியோடு கூடவே ப்ரீ வெட்டிங் எடுக்க வருபவராக இருந்தால், விண்ணப்பத்தில் நோக்கத்தை மறைக்காமல் எழுதி, எந்த விசா என்று தூதரகத்திடமே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

சுயதொழில் விசா என்று ஒன்று உண்டு, லவோரோ அவுத்தோனமோ என்பார்கள். பெயரைக் கேட்டதும் நமக்கே வைத்தது போலத் தோன்றும். ஆனால் அது அரசின் ஆண்டு ஒதுக்கீட்டுக்குள் வருகிறது, மொத்தமே சில நூறு இடங்கள். அதிலும் 5,00,000 யூரோ முதலீடு செய்யும் தொழிலதிபர், பதிவு பெற்ற தொழில்முறையாளர், பெயர் பெற்ற கலைஞர், ஸ்டார்ட்அப் தொடங்குபவர் என்று வகை பிரித்திருக்கிறார்கள். புதிதாகத் தொடங்கும் ஃபோட்டோகிராஃபருக்கு அந்தக் கதவு கிட்டத்தட்ட மூடியதுதான். ஏஜென்ட் யாராவது இதை வாங்கித் தருகிறேன் என்று லட்சங்களில் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த டிஜிட்டல் நோமாட் விசாவும் இதற்குப் பொருந்தாது. கணினி வழியாகத் தொலைவிலிருந்து வேலை செய்யும் உயர்திறன் ஆட்களுக்கானது அது. ட்ரேவி நீரூற்றின் முன் நின்று படம் எடுப்பதைத் தொலைவேலை என்று யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நடைமுறையில் இந்தத் தொழிலுக்கு வருபவர்கள் மூன்று வழியில் வருகிறார்கள். கணவர், மனைவி அல்லது பெற்றோர் இங்கே இருந்து குடும்ப அட்டை பெற்றவர்கள் ஒரு வகை. அந்த அட்டையில் சம்பள வேலையும் செய்யலாம், சொந்தத் தொழிலும் செய்யலாம். பலேர்மோவில் காலூன்றிய ஈழத்தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இதுதான் நேர்வழி. சம்பள வேலைக்கான அட்டை வைத்திருப்பவர்களும் அதே அட்டையில் சுயதொழில் தொடங்கலாம். மூன்றாவது, படிக்க வந்தவர்கள். மாணவர் அட்டையில் வாரம் 20 மணி நேரம், ஆண்டுக்கு 1,040 மணி நேரம் வரைதான் சம்பள வேலை. சொந்தத் தொழில் வேண்டுமென்றால் அட்டையைச் சுயதொழில் அட்டையாக மாற்ற வேண்டும். 2023-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு இந்த மாற்றம் ஒதுக்கீட்டு எண்ணிக்கைக்கு வெளியே போய்விட்டது, வருடத்தில் எப்போதும் விண்ணப்பிக்கலாம். மாணவர் அட்டை காலாவதியாகும் முன்பே மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

2. இறங்கிய வாரமே செய்ய வேண்டியவை

விசாவோடு வந்து இறங்கினால் 8 வேலை நாட்களுக்குள் தங்கும் அட்டைக்கு, அதாவது பெர்மெஸ்ஸோ தி சொஜோர்னோவுக்கு, விண்ணப்பிக்க வேண்டும். ஸ்போர்த்தெல்லோ அமீக்கோ என்று பலகை வைத்த தபால் அலுவலகத்தில் அதற்கான உறை இலவசமாகத் தருவார்கள். நிரப்பி அங்கேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். உறையை ஒட்டாமல் எடுத்துப் போங்கள், அவர்கள் பார்த்துத்தான் மூடுவார்கள்.

செலவு: 16 யூரோ முத்திரைவில்லை (தபாக்கி என்ற புகையிலைக் கடைகளில் கிடைக்கும்), தபால் சேவைக்கு 30 யூரோ, அட்டை அச்சிட 30.46 யூரோ. இதோடு அட்டையின் காலத்தைப் பொறுத்து, ஓராண்டு வரை என்றால் 40, இரண்டாண்டு வரை என்றால் 50 யூரோ. பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களின் நகல், விசாவுக்குக் கொடுத்த அதே ஆவணங்களின் நகல், காப்பீடு, தங்குமிடச் சான்று எல்லாம் உள்ளே போக வேண்டும்.

கையில் கிடைக்கும் ரசீதை உயிரைப் போல வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் தலைமையகமான க்வெஸ்தூராவில் கைரேகைக்குத் தேதி வந்து அட்டை கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும், பெரிய நகரங்களில் இன்னும் இழுக்கும். அதுவரை அந்த ரசீதுதான் உங்கள் அட்டை. அதை வைத்துக்கொண்டு மற்ற ஷெங்கன் நாடுகளுக்குப் போகவோ, அவற்றின் வழியாக விமானம் மாறவோ திட்டமிடாதீர்கள். பாரிஸில் ஒரு ஷூட் இருக்கு, வர்றீங்களா என்று கேட்டால் அட்டை வரும்வரை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வரி அடையாள எண்ணான கோதிச்சே ஃபிஸ்காலே 16 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். அஜென்சியா தெல்லே எந்த்ராத்தே என்ற வரி அலுவலகத்தில் இலவசம். இது இல்லாமல் வீட்டு ஒப்பந்தம், சிம், வங்கி எதுவும் நகராது.

அடுத்தது நகராட்சியில் குடியிருப்புப் பதிவு. இதற்குப் பதிவு செய்த வாடகை ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய மாட்டேன், வாடகையைக் குறைத்துக்கொள்கிறேன் என்று சொல்லும் வீட்டுக்காரரிடம் போகாதீர்கள். அந்த மிச்சம் பின்னால் எல்லா இடத்திலும் இடிக்கும். விண்ணப்பித்த பிறகு 45 நாட்களுக்குள் நகராட்சிக் காவலர் நேரில் வந்து நீங்கள் அங்கே இருக்கிறீர்களா என்று பார்க்கலாம். வாசல் மணியிலும் தபால் பெட்டியிலும் உங்கள் பெயரை ஒட்டி வையுங்கள். பெயர் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திரும்பிப் போன காவலர்கள் உண்டு.

இவை முடிந்ததும் ஸ்பிட் என்ற டிஜிட்டல் அடையாளம், பெக் என்ற சட்டப்பூர்வ மின்னஞ்சல் இரண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெக்குக்கு ஆண்டுக்குச் சில யூரோதான்.

3. தொழில் எண் திறப்பது

இங்கே எல்லோரும் சொல்லும் ஒரு பொய்யை முதலில் உடைக்க வேண்டும்: "வருடம் 5,000 யூரோ வரைக்கும் எந்தப் பதிவும் வேண்டாம்." இத்தாலியர்களே இதை நம்புகிறார்கள். உண்மையில் அந்த 5,000 என்பது எப்போதாவது செய்யும் வேலைக்குச் சமூகக் காப்பீட்டுச் சந்தா தொடங்கும் எல்லை மட்டும். பதிவு தேவையா இல்லையா என்பதை முடிவு செய்வது நீங்கள் தொடர்ந்து செய்கிறீர்களா என்பது. இணையதளம் வைத்து, விலை போட்டு, இன்ஸ்டாகிராமில் விளம்பரம் செய்தால் அது தொடர் தொழில். முதல் யூரோவிலிருந்தே பார்த்தீத்தா ஈவா என்ற 11 இலக்கத் தொழில் எண் வேண்டும்.

எண் திறக்க அரசுக்குக் கட்டணம் இல்லை. தொழில் தொடங்கிய 30 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். நீங்களே செய்யலாம், ஆனால் இந்த ஒரு இடத்தில் காசு பார்க்காமல் கணக்காளரிடம் போங்கள். கொம்மெர்ச்சாலீஸ்தா என்பார்கள். எளிய வரித்திட்டத்தில் இருக்கும் ஒருவருக்கு ஆண்டுக்கு 400 முதல் 1,000 யூரோ வரை கேட்பார்கள். அவரிடம் முதல் சந்திப்பிலேயே இரண்டு கேள்வி கேளுங்கள்.

முதல் கேள்வி: என்னைக் கைவினைத் தொழிலாளராகப் பதிவு செய்வீர்களா, தனித் தொழில்முறையாளராகவா? ஃபோட்டோகிராஃபர் இரண்டிலும் விழக்கூடியவர். கைவினைஞர் என்றால் வணிக மன்றத்தில் பதிவு வேண்டும், வருமானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இன்ப்ஸ் என்ற சமூகக் காப்பீட்டு நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 4,000 யூரோவுக்கு மேல் குறைந்தபட்சச் சந்தா போகும். எளிய திட்டத்தில் இருப்பவர்கள் விண்ணப்பித்தால் இதில் 35 சதவீதம் தள்ளுபடி கிடைக்கும். தொழில்முறையாளர் என்றால் சம்பாதித்ததன் மீது மட்டும் சுமார் 26 சதவீதம். குளிர்காலத்தில் வேலை வற்றிப்போகும் தொழிலில் இந்த வித்தியாசம் பெரிது. ஆனால் நமக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கும் விஷயமல்ல இது, உங்கள் வேலையின் தன்மையைப் பார்த்து அவர்தான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது கேள்வி: ரெஜிமே ஃபொர்ஃபெத்தாரியோவில் சேர எனக்குத் தகுதி இருக்கிறதா? அதுதான் அந்த எளிய திட்டம். ஆண்டு வரவு 85,000 யூரோவுக்குள் இருக்க வேண்டும். வாடிக்கையாளரிடம் 22 சதவீத வாட் (மதிப்புக்கூட்டு வரி) வசூலிக்க வேண்டாம். வரி 15 சதவீதம், புதுத் தொழிலுக்கான நிபந்தனைகள் பொருந்தினால் முதல் ஐந்தாண்டு வெறும் 5 சதவீதம். ஆனால் கேமரா, பயணம், கணினி என்று எந்தச் செலவையும் கழிக்க முடியாது. வரவில் 78 சதவீதம் வருமானம் என்று அவர்களே எடுத்துக்கொள்வார்கள்.

4. பணக் கணக்கு: இரண்டாம் ஆண்டு ஜூனுக்குத் தயாராகுங்கள்

5 சதவீதம் என்ற எண்ணைப் பார்த்து மயங்கியவர்கள் நிறையப் பேர். தொழில்முறையாளராகப் பதிவு செய்திருந்தால் முதல் ஆண்டில் ஒன்றும் கட்ட வேண்டியிருக்காது, கையில் பணம் புரளும், புது கேமரா வாங்கத் தோன்றும். கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

தொழில்முறையாளராக முதல் ஆண்டில் 20,000 யூரோ வந்தது என்று வையுங்கள். அதில் 78 சதவீதம் 15,600. இன்ப்ஸுக்கு 26.07 சதவீதம் என்றால் சுமார் 4,067. வரி 5 சதவீதம், 780. மொத்தம் 4,847. இது முதல் ஆண்டுக்கானது. அடுத்த ஆண்டு இதைக் கட்டும்போதே அந்த ஆண்டுக்கான முன்பணமும் கேட்பார்கள்: சந்தாவில் 80 சதவீதம், வரியில் 100 சதவீதம், இரண்டு தவணையாக. ஜூன் 30 அன்று ஏறக்குறைய 6,860, நவம்பர் 30 அன்று இன்னொரு 2,020. இரண்டும் சேர்ந்தால் 8,900 யூரோவுக்குப் பக்கம். 20,000 சம்பாதித்தவருக்கு!

மூன்றாம் ஆண்டிலிருந்து சீராகிவிடும், முன்பணம் கழிந்துகொள்ளும். அந்த முதல் அடியைத் தாங்க, வரும் ஒவ்வொரு தொகையிலும் 40 சதவீதத்தைத் தொடாத வேறொரு கணக்குக்கு அனுப்பிவிடுங்கள்.

2024 ஜனவரியிலிருந்து எளிய திட்டத்தில் இருப்பவர்களுக்கும் மின்ரசீது கட்டாயம். பணம் வாங்கிய 12 நாட்களுக்குள் அரசின் அமைப்பு வழியாக அனுப்ப வேண்டும். வரி அலுவலகத்தின் தளத்திலேயே இலவசமாகச் செய்யலாம். வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் பெறுநர் குறியீடாக ஆங்கில எக்ஸ் எழுத்தை ஏழு முறை போட வேண்டும். 77.47 யூரோவுக்கு மேற்பட்ட ரசீதுக்கு 2 யூரோ முத்திரை வரி சேரும், அதை விலையிலேயே சேர்த்துவிடுங்கள்.

கண்ணில் படாத ஒரு ஓட்டை: வெளிநாட்டு முன்பதிவுத் தளம் எடுக்கும் கமிஷன், அயர்லாந்திலிருந்து ரசீது வரும் எடிட்டிங் மென்பொருள், விளம்பரம் ஆகியவற்றுக்கு 22 சதவீத வாட்டை நீங்களே இத்தாலிய அரசுக்குக் கட்ட வேண்டும், அது திரும்ப வராது. கமிஷனைக் கணக்கிடும்போது இதையும் சேர்த்துப் பாருங்கள்.

5. எங்கே நின்று எடுக்கலாம்

பொதுத் தெருவில், கையில் கேமராவோடு, இரண்டு பேரை நடக்கவிட்டு எடுப்பதற்கு யாரும் பொதுவாகத் தடுப்பதில்லை. முக்காலி, லைட் ஸ்டாண்டு, பெரிய ரிஃப்ளெக்டர் என்று தரையில் எதையாவது ஊன்றிய நிமிடம் கதை மாறுகிறது. பொது இடத்தை ஆக்கிரமிப்பதாகிவிடும், அதற்கு நகராட்சியில் முன்கூட்டியே விண்ணப்பித்துக் கட்டணம் கட்ட வேண்டும். நான் முக்காலியையே விட்டுவிட்டேன். இருட்டுக்கு 35 எம்.எம். எஃப் 1.8 லென்ஸ் போதும்.

அரசு அருங்காட்சியகம், தொல்லியல் வளாகம் எல்லாம் வேறு கணக்கு. 2004-இல் வந்த பண்பாட்டுச் சொத்துச் சட்டத்தின்படி வணிக நோக்கில் அங்கே படம் எடுக்க அந்த நிர்வாகத்தின் அனுமதியும் கட்டணமும் தேவை. கொலோசியத்தை வெளியே சாலையிலிருந்து பின்னணியாக வைத்து எடுப்பது ஒன்று. டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய், கல்யாண உடையில் ஜோடியை நிறுத்தி எடுப்பது வேறொன்று. உள்ளே எடுக்க ஆசைப்படும் வாடிக்கையாளரிடம் அனுமதிக்கான நாட்களையும் செலவையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

புனித பேதுரு சதுக்கம் வத்திக்கான் மண். உங்கள் இத்தாலிய அட்டைக்கும் நகராட்சி அனுமதிக்கும் அங்கே மதிப்பில்லை. அந்தப் பெரிய குவிமாடம் பின்னால் வேண்டுமானால் இத்தாலியப் பக்கமான வியா தெல்லா கொன்சிலியாத்சியோனேவில் நின்று எடுங்கள். படமும் அங்கிருந்துதான் நன்றாக வரும்.

கோமோ ஏரிக்கரையின் வில்லா பல்பியானெல்லோ போன்ற இடங்கள் அறக்கட்டளை வசம், ராவெல்லோவின் சில தோட்டங்கள் தனியார் வசம். அங்கெல்லாம் படப்பிடிப்புக்கென்று தனிக் கட்டணமும் முன்பதிவும் உண்டு. அமால்ஃபி கரையோரச் சிற்றூர்களில் நகராட்சியே வணிகப் படப்பிடிப்புக்கு விதி வைத்திருக்கலாம். தேதி குறிக்கும் முன் பெக் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை அச்சிட்டுப் பையில் வையுங்கள். காவலரிடம் வாயால் சொல்லும் விளக்கத்தைவிட அந்த ஒரு தாள் வேகமாக வேலை செய்யும்.

ரோமின் ஸ்பானியப் படிக்கட்டில் 2019 முதல் உட்காரத் தடை, அபராதம் 250 யூரோவிலிருந்து தொடங்கும். ஜோடியை நிற்க வைத்தே எடுங்கள். ட்ரேவியில் 2024 டிசம்பரில் சீரமைப்பு முடிந்ததிலிருந்து ஒரே நேரத்தில் 400 பேரைத்தான் நீரூற்றின் அருகே விடுகிறார்கள். பகலில் அங்கே தனிமையான படம் கிடைக்கும் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

ட்ரோன் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். 250 கிராமுக்குக் குறைவானதாக இருந்தாலும் கேமரா இருந்தால் டி-ஃப்ளைட் என்ற ட்ரோன் பதிவுத் தளத்தில் ட்ரோன் இயக்குபவராகப் பதிவு, காப்பீடு இரண்டும் கட்டாயம். ரோமின் மையத்தில் பறக்கவிடவே முடியாது. தொடக்கத்தில் இதைத் தொடாதீர்கள்.

6. நேரம்

விடியற்காலை. வேறு பதில் இல்லை. ஜூனில் ரோமில் சூரியன் 5.35 வாக்கில் எழும். 5.15-க்கு ஜோடி தயாராக நிற்க வேண்டும், ஏழரைக்குள் மூட்டை கட்ட வேண்டும். டிசம்பரில் 7.35-க்குத்தான் விடியும், மாலை 4.40-க்கு அஸ்தமித்துவிடும். குளிர்காலத்தில் தூங்கி எழுந்து வந்தாலே போதும், வாடிக்கையாளர்தான் குறைவு. ஏப்ரல் முதல் ஜூன் வரையும், செப்டம்பர், அக்டோபரும்தான் வருமானக் காலம். ஆகஸ்ட் நடுப்பகலில் பட்டுப்புடவையோடு யாரையும் வெயிலில் நிறுத்தாதீர்கள்.

வெனிஸில் 2024-இல் தொடங்கிய பகல்நேர நுழைவுக் கட்டணம் குறிப்பிட்ட நாட்களில் காலை 8.30 முதல் மாலை 4 வரை. தங்காமல் வந்துபோகும் வாடிக்கையாளர் அதைக் கட்ட வேண்டியிருக்கும். வேலைக்கு வருபவருக்கு விலக்கு உண்டு, அதற்கான பதிவை முன்பே செய்துகொள்ளுங்கள். கோண்டோலாவுக்கு அதிகாரபூர்வ விலை பகலில் அரை மணிக்கு 90 யூரோ, இரவில் 35 நிமிடத்துக்கு 110. அது படகுக்கான விலை, ஆளுக்கு அல்ல. இதை வாடிக்கையாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டால் உங்கள் விலையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

ரயில் வேலைநிறுத்தம் இங்கே சாதாரணம். போக்குவரத்து அமைச்சகத்தின் தளத்தில் நாட்கள் முன்பே வெளியாகும். வேலை நாட்களில் காலை 6 முதல் 9 வரை, மாலை 6 முதல் 9 வரை உள்ளூர் ரயில்களில் குறிப்பிட்டவை கட்டாயம் ஓட வேண்டும். வேறு ஊரில் விடியல் ஷூட் என்றால் முந்தைய இரவே போய்த் தங்குங்கள், அந்தச் செலவு விலையில் இருக்கட்டும். ஃபிளாரன்ஸ், ரோம் மையங்களுக்குக் காரில் போகாதீர்கள். தடைசெய்த பகுதியில் கண்காணிப்புக் கேமரா வண்டி எண்ணைப் படித்துவிடும், அபராதம் சில மாதம் கழித்து வீட்டுக்கு வரும்.

7. விலையும் ஒப்பந்தமும்

ரோமில் ஜோடிக்கு ஒரு மணி நேரப் படப்பிடிப்பு பெரும்பாலும் 150 முதல் 350 யூரோவுக்குள் ஓடுகிறது. 80 யூரோவுக்கு எடுப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களோடு போட்டி போட வேண்டாம், மேலே போட்ட கணக்கு அந்த விலைக்கு ஒத்துவராது.

முன்பணத்தை எந்தப் பெயரில் வாங்குகிறீர்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். கப்பார்ரா கொன்ஃபெர்மத்தோரியா என்று எழுதினால், வாடிக்கையாளர் பின்வாங்கும்போது அதை நீங்கள் வைத்துக்கொள்ளலாம், நீங்கள் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். அக்கோந்தோ என்று எழுதினால் அது வெறும் விலையின் ஒரு பகுதி, வேலை நடக்கவில்லை என்றால் திருப்பிக் கேட்பார்கள். மழைக்கு மாற்றுத் தேதி, எத்தனை படம், எத்தனை நாளில், திருத்தம் எதுவரை என்பதெல்லாம் ஒரே பக்கத்தில் அடங்கட்டும்.

அதே பக்கத்தின் கீழே லிபெராத்தோரியா, அதாவது முகத்தை வெளியிடுவதற்கான ஒப்புதல், தனிக் கையெழுத்தோடு இருக்க வேண்டும். 1941-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமே ஒருவரின் உருவப்படத்தை அவர் அனுமதியின்றி வெளியிடக் கூடாது என்கிறது. உங்களுக்குப் பணம் கொடுத்தார்கள் என்பதற்காக அவர்கள் முகம் உங்கள் இன்ஸ்டாகிராமுக்கு வந்துவிடாது. நம்மவர்களிடம் இதை இன்னும் கவனமாகக் கேளுங்கள். லண்டனிலிருந்தும் டொரொன்டோவிலிருந்தும் வரும் தமிழ் ஜோடிகளில் வீட்டில் சொல்லாமல் வந்தவர்களும் இருப்பார்கள்.

8. அட்டையைப் புதுப்பிக்கும் காலம்

காலாவதிக்கு 60 நாட்களுக்கு முன்பே புதுப்பிப்பு விண்ணப்பம் போக வேண்டும். சுயதொழில் அட்டைக்கு அவர்கள் பார்ப்பது வரித் தாக்கலையும், இன்ப்ஸ் கட்டிய சான்றையும். ரசீது இல்லாமல் கையில் வாங்கிய பணம் எவ்வளவு இருந்தாலும் அந்த மேசையில் அது வருமானம் இல்லை. ரசீது வேண்டாம், 50 யூரோ குறைச்சுக்கோங்க என்று கேட்கும் வாடிக்கையாளர் மாதம் ஒருவராவது வருவார். அவருக்குக் குறைத்துக் கொடுக்க விரும்பினால் கொடுங்கள், ரசீதையும் போட்டுவிடுங்கள். வேலை குறைந்த ஜனவரியில் உட்கார்ந்து, முந்தைய ஆண்டின் ரசீதுகளையும், பணம் கட்டிய எஃப் 24 படிவங்களையும், வாடகை ஒப்பந்தத்தையும் ஒரே கோப்பில் சேர்த்து வைத்தால், க்வெஸ்தூராவில் கேட்கும்போது நீட்ட வேண்டியது அது ஒன்றுதான்.